சேலைக் கடையில் நூல் கையுறை

சேலைக் கடையில் வேலை செய்கிறவர்கள் நகம் வளர்ப்பதில்லை. மேசையில் பட்டுச் சேலையை விரித்துக் காட்டும்போது நகத்தின் ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலே போதும், நூல் இழுபட்டுவிடும். இழுபட்ட சேலையை எந்த மணப்பெண்ணின் தாயும் வாங்கமாட்டார். இதெல்லாம் தெரிந்திருந்தும், ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் பல வருடம் வேலை செய்துவந்த அக்கா ஒருவர் எனக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் நகம் வளர்த்தார்.

அப்போது நான் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு பார்லரில் வேலை செய்துகொண்டிருந்தேன். புருவம் எடுப்பேன், மணப்பெண் அலங்காரம் செய்வேன், பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கென்றால் தலை பின்னிப் பூ வைப்பேன். நகவேலையும் செய்வேன். ஆனால் அதை முதலாளி கடையில் நிற்கும்போது மட்டுமே செய்தேன். இந்தப் பிரெஞ்சு நாட்டில் கைகளுக்கும் முகத்துக்கும் பராமரிப்பு வேலை செய்ய சிஏபி என்ற அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். அது முதலாளியிடம் இருந்தது. சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் கடை பூட்டுகிற நேரம் அவர் என்னை இருத்திவைத்துச் சொன்னார். "நான் மகளோடை லண்டனிலை போய் இருக்கப்போறன். வாற வருசக் கடைசியிலை போறன். நீ அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வா, கடையை உன்ரை கையிலை தந்திட்டுப் போறன். பேப்பர் இல்லாட்டி நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும். குறை நினையாதை."

குறை நினைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் பரீட்சைக்குப் பதிந்தேன். அந்தக் கடையில் எந்தக் கதிரை ஆடும், எந்தக் குழாய் ஒழுகும், புருவம் எடுக்கும்போது எந்த வாடிக்கையாளருக்கு எந்த நூல் உறுத்தும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது என் கடையாக வேண்டும் என்று அதற்கு முன் நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கிய பின் வேறொன்றையும் எண்ண முடியவில்லை.

படிப்பு எனக்குக் கடினமாக இல்லை. தோலின் அடுக்குகள், நகத்தின் பகுதிகள், கிருமி நீக்கும் முறை எல்லாவற்றையும் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தேன். ஒழுங்காக அடுக்கி வைக்கக்கூடிய எதுவும் எனக்கு வரும். பரீட்சைக்கு இழுத்துக்கொண்டு போகும் சில்லுப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு துணிப்பை தைத்து, பைக்குப் பை பெயர் ஒட்டினேன். ஆனால் பெட்டிக்குள் வைக்க முடியாத ஒன்று இருந்தது. பரீட்சை எழுதுகிறவர் தன்னோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆளின் கையில்தான் வேலையைச் செய்து காட்டவேண்டும். நகத்தில் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வளர்ந்த பகுதியை நடுவர்களின் கண் முன்னே அரத்தால் அராவி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் சிவப்புப் பூச்சைச் சீராகப் பூசிக் காட்டுவதுதான் பரீட்சை.

இங்கே பிறந்த பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் ஜெல் நகம். கழற்றமாட்டோம் என்றார்கள். அப்போதுதான் பார்லருக்குப் புருவம் எடுக்க வரும் இந்த அக்காவின் கைகள் என் கண்ணில் பட்டன. அவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கு நான்தான் அலங்காரம் செய்திருந்தேன். வருடக்கணக்காகப் பட்டைத் தடவித் தடவித் தோல் மெத்தென்றிருந்தது. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தாலும் அவற்றின் அடிப்பாகம் நீளமாக, நல்ல வடிவாக இருந்தது.

"அக்கா, எனக்கு மொடலா வருவீங்களோ?"

"மொடலோ? இந்த வயசிலையோ? இவர் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்."

"கை மட்டும் காணும் அக்கா."

"அப்ப சரி. கையிலை இன்னும் கொஞ்சம் வடிவு மிச்சமிருக்கு."

அடுத்த நாளே மருந்துக் கடையில் வெள்ளை நூல் கையுறைகள் வாங்கிக் கொடுத்தேன். அக்கா அவற்றைப் போட்டுக்கொண்டு சேலை விரித்தார். கடைக்காரர் அக்காவைவிட இளையவர். "என்னக்கா, ஒப்பரேசனுக்குப் போறியளோ?" என்று கேட்டாராம். "ஓம் தம்பி, முதல்லை உம்மடை வாயைத் தைக்கவேணும்" என்று அக்கா சொன்னாராம். கையுறையைக் கண்டு ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்த ஒரு பெண், அக்கா தொட்ட சேலையை வேண்டாமென்று வேறொன்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதையும் அக்கா சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார்.

சேலைக் கடைக்குத் திங்கள் விடுமுறை. அவருடைய வீடு தூரத்துப் புறநகரான கூசேன்வில்லில். கணவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தார். கிழமையில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் அக்கா ரயிலேறி என் வீட்டுக்கு வருவார். சமையலறை மேசையில் துவாயை மடித்து வைத்து அதன் மேல் அவர் கையை வைப்பேன். அராவுவேன், ஓரத் தோலை ஒதுக்குவேன், சிவப்பைப் பூசுவேன், கழற்றுவேன், திரும்பவும் பூசுவேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கதைப்பார். கடைக்கு வந்த சண்டைகள், மகள் பிரெஞ்சில் மட்டும் மறுமொழி சொல்வது, ரயில் நடுவழியில் நின்றது என்று கதை போகும். இடையிடையே கண்ணைத் திறந்து துவாயில் விழுந்த தூளைப் பார்ப்பார்.

"கிழமை முழுக்கப் பொத்திப் பொத்தி வளத்துக்கொண்டு வாறன், நீர் ஒரு நிமிசத்திலை மாவாக்கிப்போடுறீர்."

"அதுக்குத்தானே அக்கா வளக்கச் சொன்னது."

இதை நான் சிரித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. இரவில் கிறீம் பூசுங்கள், பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறை போடுங்கள், உள்ளி உரிக்க நகத்தைப் பாவிக்காதீர்கள் என்று செய்ய வேண்டியதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் எதையும் ஏன் என்று கேட்காமல் செய்தார். பரீட்சையில் எதைப் பார்ப்பார்கள் என்பதை நானும் சொல்லவில்லை. பரீட்சையில் கை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், நகம் வளர்ப்பது வீட்டில் நான் பழகுவதற்காக என்று அக்கா தன்பாட்டில் எண்ணிக்கொண்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வசந்தத்தில் பரீட்சை அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை என்று போட்டிருந்தது. அடுத்த திங்கள் அக்காவிடம் சொன்னேன். மேசையில் இருந்த கை அசையவில்லை, ஆனால் கண் திறந்துகொண்டது.

"வெள்ளிக்கிழமையோ? வேறை நாள் கேக்கேலாதோ?"

"அரசாங்கச் சோதினை அக்கா. நாள் மாத்தித் தராயினம்."

"அண்டைக்கு நகம் வெட்டுவீரோ?"

"வெட்டமாட்டன். அராவுறது மட்டும்தான்."

"அராவினால் விழுறது நகமில்லாமல் என்ன, அரிசிமாவோ?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறிதான் சாப்பிடுவார், வேலை முடிந்ததும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ரயிலேறுவார். வெள்ளியில் நகம் வெட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே சொல்லப்பட்டது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. நகவேலையால் சீவிப்பவளுக்கு அதை நினைவில் வைத்திருக்கக் கட்டாது.

"எனக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார் அக்கா. "நீர்தான் கடை துறக்கப்போற ஆள். அதுக்கெண்டு இருக்கிற நாளிலை, உம்மடை கையாலை, வெள்ளிக்கிழமை நகம் விழுந்தால் அந்தக் கடையிலை என்ன நிக்கும்?"

"ஒண்டும் ஆகாது அக்கா. நீங்கள் வந்தால் காணும்."

துவாயில் விழுந்த தூளைப் பார்த்தார். பிறகு, "சரி பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதம்தான். அதற்குள் ஒரு திட்டமும் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

பரீட்சை நாள் காலை கார் து நோர் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். அக்கா தலையில் தோய்ந்து, திருநீறு பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் நூல் கையுறைகள். பாதையிலும் ரயிலிலும் கழற்றக் கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். கைப்பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டார். ரயிலில் எதிரெதிரே இருந்தோம். எனக்குப் பாடம் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அக்கா மட்டும் ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவர் போல முகம் மலர்ந்து இருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புறநகரில் ஒரு தொழிற்பாடசாலை. பெரிய மண்டபத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கருவிகளைப் பழகிய ஒழுங்கில் வைத்தேன். கிருமிநாசினி பூசினேன். துவாயை மடித்தேன். தொடங்கலாம் என்று சொன்னார்கள்.

"கையுறையைக் கழட்டுங்கோ அக்கா."

கடையில் விலை கூடிய சேலையின் பெட்டியைத் திறப்பது போல அக்கா ஒவ்வொரு விரலாக மெல்ல இழுத்துக் கழற்றினார். பத்து விரலிலும் நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நன்றாகத்தான் வெட்டியிருந்தார். ஓரிடத்திலும் பிசிறில்லை. விரல் நுனிச் சதை ரோசா நிறத்தில் தெரிந்தது.

"அக்கா, என்ன இது?"

"நேத்துப் பின்னேரமே வெட்டிப்போட்டன், விளக்கு வைக்க முன்னம்," என்று மெல்லிய குரலில் சொன்னார். "இனி வெள்ளிக்கிழமை ஒண்டும் வெட்டத் தேவையில்லை. உமக்கும் வேலை மிச்சம்."

மேலே கேட்க நேரம் இருக்கவில்லை. அரத்தை எடுத்தேன். அராவ ஒன்றுமில்லாத இடத்தில் அரம் தோலில்தான் பட்டது. அக்கா விரலைச் சுருக்கிக்கொண்டு, வலிக்கவில்லை என்பதுபோல் தலையசைத்தார். நடுவர்களில் ஒரு பெண் வந்து நின்று, "வடிவம் கொடுக்க வேண்டிய நகம் எங்கே, மதாம்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. காணாமற்போன பொருளைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். "மன்னிக்கவும், வெட்டிவிட்டார்," என்றேன். ஏன் என்று விளக்க என் பிரெஞ்சு போதாது. போதுமானதாக இருந்தாலும் அந்த மண்டபத்தில் வெள்ளிக்கிழமையைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது? அவர் தாளில் ஏதோ எழுதினார்.

குட்டை நகத்தில் சிவப்புப் பூச்சு நிற்காது. விளிம்பு இல்லாததால் வழிந்து சதையில் படும். துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினேன். இரண்டாம் தடவையும் வழிந்தது. அக்கா அதைக் கண்டுவிட்டார். நடுவரைப் பார்த்து, எனக்குப் பக்கபலமாக, மிக நல்லது என்ற கருத்தில், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "த்ரே பியன், மதாம், த்ரே பியன்," என்றார். மொடல்கள் பேசக் கூடாது. அதற்கும் ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

திரும்பி வரும்போது, "வடிவாச் செய்தீரோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா," என்றேன். கார் து நோரில் இறங்கி, "இந்த கியூடெக்சைக் கழட்டிவிடும் பிள்ளை, இதோடை கோயிலுக்குப் போகேலாது," என்றார். நிலையத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, பஞ்சைக் கழற்றும் திரவத்தில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன். அன்று முழுக்க நான் செய்த வேலைகளில் குறையில்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். அக்கா கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்தார்.

யூலையில் முடிவு வந்தது. மற்ற எல்லாப் பகுதியிலும் சித்தி. நகப் பகுதியில் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் அடுத்த வருடம் திரும்பச் செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். அக்காவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் என் முதலாளி லண்டனுக்குக் கொண்டுபோகச் சேலை எடுக்கப் போன இடத்தில், "அவளைக் கவிட்டது உன்ரை நகம்தான், தெரியுமோ?" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பகிடியாகத்தான் சொன்னேன் என்றார் பிறகு.

அடுத்த திங்கள் அக்கா வந்தார். கூப்பிடாமலே வந்தார். பழக்கத்தில் மேசைக்கு முன்னால் இருந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் மேசையில் வைத்தார். பிறகு எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னாலையோ பிள்ளை?"

"அப்பிடி இல்லை அக்கா. வேறை காரணமும் இருக்கு."

"வேறை என்ன காரணம்?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நீளம் வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் பிள்ளையாரிட்டைச் சொல்லிச் சமாளிச்சிருப்பன்," என்றார்.

"விடுங்கோ அக்கா. முடிஞ்ச கதை."

"அடுத்தமுறை..."

"அடுத்த வருசம் பாப்பம் அக்கா."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவரை அனுப்பிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன். அவ்வளவு ஒழுங்காகச் சொற்களை அடுக்கி ஒருவரை வாசல் வரை கொண்டுபோய் விட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மார்கழியில் முதலாளி போய்விட்டார். கடையை எடுத்தவர்கள் பார்லரை வைத்திருக்கவில்லை. இப்போது அங்கே கைபேசி திருத்துகிறார்கள். கண்ணாடியைக் கழற்றி இரண்டு பேர் தெருவால் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதில் பக்கத்து லா சப்பல் பகுதியின் மேம்பால ரயில் ஒருமுறை தெரிந்து மறைந்தது. எனக்குப் புறநகரில் வேறொரு பார்லரில் வேலை கிடைத்தது. ரூ காய் பக்கம் போவது குறைந்தது.

இரண்டாம் தடவைக்காக நான் சேர்ந்த பயிற்சி வகுப்பின் ஆசிரியை இளம் கை ஒன்றைக் கூட்டிவரச் சொன்னார். வகுப்பிலிருந்த புதுச்சேரிப் பெண்ணொருவர் தானே வருகிறேன் என்றார். எதைப் பார்ப்பார்கள், ஏன் பார்ப்பார்கள், எவ்வளவு நீளம் வேண்டும் என்று அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தேவைக்கு மேலாகவே சொன்னேன். "ஆன்ட்டி, இதோட நாலாவது தடவ சொல்றீங்க," என்று அவர் சிரித்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் இடியப்ப மா வாங்க ரூ காய்க்குப் போனேன். சேலைக் கடைக் கண்ணாடியூடாக அக்காவைக் கண்டேன். வெள்ளை நூல் கையுறையோடு ஒரு பச்சைப் பட்டை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் குளிர் கடுமையாக இருந்தது. கை வெடித்திருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போகாமல் கையசைத்தேன். அவரும் கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினார், விரல்களை விரித்து. அது வணக்கம் என்று எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆனியில் பரீட்சை நடந்தது. யூலையில் சித்தி என்று வந்தது. லட்டு வாங்கிக்கொண்டு முதலில் அக்காவிடம்தான் போனேன். கோடை வெயில் கடை வாசல் வரை வந்திருந்தது. அவர் அப்போதும் கையுறை போட்டிருந்தார்.

"சித்தியடைஞ்சிட்டன் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். லட்டு எடுப்பதற்காகக் கையுறையைக் கழற்றினார். பத்து விரலிலும் நகம் வளர்ந்திருந்தது. முன்பு நான் திங்கள்தோறும் கொடுத்த அதே வடிவத்துக்கு அவரே அராவி வைத்திருந்தார்.

"எப்ப நடந்தது?"

"போன மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை."

"செவ்வாயோ," என்றார். லட்டைப் பிட்டு ஒரு துண்டை எனக்குத் தந்தார். "செவ்வாயும் வெட்டக்கூடாது எண்டுறவைதான். நான் இந்தமுறை ஒண்டும் கதைச்சிருக்கமாட்டன்."

உள்ளேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்பாடா, சோதினை முடிஞ்சுதோ? அக்கா, இனியாவது அந்தக் கையுறையைக் கழட்டுங்கோ. சனம் என்னைத்தான் கேக்குது."

"முடிஞ்சுதாம் தம்பி," என்றார் அக்கா. "பிள்ளை பாஸ்." அவர் குரலில் உண்மையான சந்தோசம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

என் பையில் எப்போதும் கருவிகள் இருக்கும். "இருங்கோ அக்கா, நான் வடிவா வெட்டிவிடுறன்," என்று பையைத் திறந்தேன்.

"இண்டைக்கு வெள்ளி," என்றார் அக்கா.

பையை மூடினேன். திங்கள் வீட்டுக்கு வாங்கோ என்று சொன்னேன். பாப்பம் பிள்ளை என்றார். அந்தத் திங்கள் மேசையில் துவாயை மடித்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை இருந்தேன். அதற்கடுத்த கிழமை கடைப் பக்கம் போனபோது அவர் வெறுங்கையோடு சேலை விரித்துக்கொண்டிருந்தார். நகங்களை அவரே ஒட்ட வெட்டியிருந்தார்.